நடு வகிடு

"குதிரைக்கு யாராவது நடு வகிடு எடுப்பாங்களாம்மா?"

மேனேஜர் சிரிக்காமல்தான் கேட்டார். லாயத்தில் மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். அந்தக் குதிரைச் சவாரிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எல்லோரும் அவளைப் 'புதுசு' என்றே கூப்பிடுவார்கள். அவள் பொறுப்பில் இருந்த பெண் குதிரை மகாராணி. காலையில் அதன் பிடரி முடியைத் தண்ணீர் தொட்டு வலப் பக்கமாகப் படிய வாரிவிட்டுத்தான் சாப்பிடப் போனாள். அங்கே எல்லாக் குதிரைக்கும் வலப் பக்கம்தான். வந்து பார்த்தால், உச்சியில் பிரிந்து பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். போதாக்குறைக்கு, ஜடை பின்னி அவிழ்த்த மாதிரி நெளிநெளியாக.

"நான் பண்ணலை சார்."

"அப்ப அதுவே கண்ணாடி பார்த்து வாரிக்கிச்சா?"

நேற்றும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை முதலாளி வருகிறார், ஒரு குதிரையை வாரத் தெரியாதவளை வேலையில் நிரந்தரமாக்கச் சொல்லி எந்த முகத்தோடு அவரிடம் கேட்பது என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

சுவரில் உரசியிருக்குமோ என்று யோசித்தாள். சுவர் ஜடை பின்னுமா? வாட்ச்மேனைக் கேட்டால், பேயாக இருக்கும், அதுக்கும் பொழுது போகணுமில்ல என்றார். ஒரு கட்டத்தில், தானே ஏதோ நினைப்பில் அப்படி வாரிவிட்டுப் போனோமோ என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது.

ஏனென்றால், மகாராணி யாரையும் தொட விடாது. ஒரு முடி இழுபட்டால் போதும், கழுத்துத் தோல் துடிக்கும், காது பின்னால் மடங்கும். அடுத்தது உதைதான்.

அவளை விட்டால், மகாராணி தொட விடுகிற ஒரே ஆள் முசுடு. வணக்கம் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் வந்த பெயர். அவளுக்கு முன்னால் மகாராணியைப் பார்த்துக்கொண்டவர். குதிரையை அவளிடம் மாற்றிக் கொடுத்தபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு நிம்மதியாக இருந்த அந்த மௌனம் இப்போது வேறு மாதிரி பட்டது.

அந்த லாயத்தில் ஒருத்தர் குதிரையை இன்னொருத்தர் கேட்காமல் தொடக் கூடாது. தொட்டால் அன்றைக்கே வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மறுநாள் மேனேஜரிடம் போனாள். சாப்பாட்டு நேரத்தில் நீங்களே வந்து பாருங்கள் சார் என்றாள். நீ முன்னால் போ, வருகிறேன் என்றார் அவர்.

நினைத்தது சரிதான். முசுடு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் நின்றிருந்தார். கையில் சின்ன சீப்பு. மகாராணியின் பிடரியை நடுவில் பிரித்து ஒரு பக்கம் பின்னி முடித்திருந்தார். மறுபக்கம் ஆரம்பித்தார். காது லேசாக மடங்கியது.

"வலிச்சிடுச்சா? சரி, சரி." அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து பின்னினார்.

முசுட்டுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதா? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கோபம் முந்திக்கொண்டது.

"ஏண்ணே, என் பொழப்புல மண்ணைப் போடுறீங்க?"

அவர் வாளியிலிருந்து இறங்கினார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"தினம் பழையபடி வாரிவிட்டுட்டுத்தாம்மா போறேன். அந்த நெளியும் வகிடும் போகவே மாட்டேங்குது."

"குதிரைக்கு எதுக்குண்ணே ரெண்டு ஜடை?"

சீப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எம் பொண்ணுக்குத் தலையில ஆபரேஷன் ஆச்சு. அந்த இடத்துல மட்டும்தான் முடி எடுத்தாங்க, தையலும் பிரிச்சாச்சு. திங்கக்கிழமை பள்ளிக்கூடம். ரெண்டு ஜடை போட்டாத்தான் போவேங்குறா, ஆனா சீப்பை எடுத்தாலே அழுவுறா. அவங்கம்மாவுக்குத் தழும்பைப் பார்த்தாலே கை நடுங்குது. மத்த குதிரைங்க மரக்கட்டை மாதிரி நிக்கும்மா. இவதான் ஒரு முடி இழுத்தாலும் சொல்லிடுவா. இவ காது மடங்காம ரெண்டு பக்கமும் பின்னிட்டேன்னா..."

வெளியே மேனேஜரின் பூட்ஸ் சத்தம் கேட்டது.

மகாராணியின் ஒரு பக்கம் ஜடை, மறுபக்கம் விரித்த முடி. மேனேஜர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார், குதிரையையும் சேர்த்து.

"சொல்லும்மா. யார் பண்ணது இது?"

முசுடு வாயைத் திறந்தார்.

அதற்குள் அவர் கையிலிருந்த சீப்பை அவள் வாங்கிக்கொண்டாள்.

"நான்தான் சார். நான் கூப்பிட்டேன்னு அண்ணன் பிடிச்சு நிறுத்துனாரு, அவ்வளவுதான். இன்னும் ஒரு ஜடை பாக்கி இருக்கு."