பார்க்க வராதவள்

தகவல் அமைப்பும் குற்றவியல் நீதியும் சேர்ந்த படிப்பில் மாரிச்செல்விக்கு அது கடைசி வருஷம். எந்தக் கைதியை முன்கூட்டியே விடலாம் என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சை. பெயரும் ஊரும் மறைத்த விவரம் திரையில் வரும். அவர்கள் எழுதுகிற காரணத்தை மெஷின் அப்படியே எடுத்துக்கொள்ளும்; ஜெயிலில் முடிவு சொல்வதும் அதே மெஷின்தான்.

அன்று வந்த கைதி நடத்தையில் தங்கம். ஆனால் வருஷக்கணக்காக அவரை மனுப்போட்டுப் பார்க்க ஒருவரும் வரவில்லை. செல்விக்கு ஜெயிலில் இருக்கும் தன் அப்பாவின் நினைப்பே எழவில்லை; அவருக்குத்தான் அவள் இருக்கிறாளே. ‘வெளியே இவருக்காகக் காத்திருக்க யாருமில்லை, விட வேண்டாம்’ என்று எழுதினாள். பேராசிரியர் வகுப்பிலேயே மெச்சினார்.

மறுவாரம் ஜெயில் போனிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

“இந்தத் தடவையும் விடலை தாயி.”

“ஏம்ப்பா? நீங்க ஒரு வம்புதும்புக்கும் போகலையே?”

“வெளிய எனக்காகக் காத்திருக்க யாருமில்லையாம்.” அப்பா சிரித்தார். “கோட்டிக்கார மெஷினு! எம்மவ இருக்கான்னு அதுக்கு யாரு சொல்ல?”

கைதி மகள் என்று காலேஜில் தெரிந்துவிடக் கூடாது, படிப்பு முடிகிறவரை ஜெயில் பக்கமே வராதே என்று செல்வியிடம் சத்தியம் வாங்கியிருந்தவர் அவர்.

“நாளைக்கே வாறேன்ப்பா.”

“வேண்டாம்ளா, வந்தா உம்பேரு பதிவாயிரும். அதை விடு, பரீட்சை எப்படி எழுதுன?”

“முழு மார்க்குப்பா” என்றாள் செல்வி, அழுகிற சத்தம் அவருக்குக் கேட்காமல்.