பேசாலைக்கு வழி

"அந்தா, அங்காலதான் எங்கட ஊர். நேர."

அம்மா காட்டிய இடத்தில் கடல்தான் இருந்தது.

தனுஷ்கோடி முனை. தார்ச்சாலை முடிந்து, மணலும் முடிந்த இடத்தில் தாயும் மகளும் நின்றார்கள். மண்டபம் அகதி முகாமில் சொல்லிவிட்டுப் பேருந்து பிடித்து வந்திருந்தார்கள்.

"இரும்மா, வழி கேக்குறேன்" என்றாள் நிரோஷினி. முகாமில் பிறந்தவள். அக்கரையைப் பார்த்ததில்லை. போனில் பேசாலை என்று அடித்தாள்.

போன் கொஞ்சம் யோசித்தது.

பிறகு, வந்த சாலையிலேயே திரும்பிப் போகச் சொன்னது. பாம்பன் பாலம். இராமநாதபுரம். அதையும் தாண்டி மேலே, நாகப்பட்டினம். அங்கே கப்பல் ஏறு. காங்கேசன்துறையில் இறங்கு. யாழ்ப்பாணம் வழியாகத் தெற்கே வா. மன்னாருக்குள் நுழைந்து மேற்கே திரும்பு.

நாளை சாயங்காலம் போய்ச் சேரலாமாம்.

எதிர்வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றச் சொல்கிறது, கேடுகெட்டது!

நிரோஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்குப் போய்ச் சிரிக்கிறோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அம்மாவும் சிரித்தாள்.

"இந்தப் போனும் உன்ர பெரியம்மாவும் ஒண்டு."

பெரியம்மா ரோசலின் அப்படித்தான்.

பூசைக்கு மணி அடித்ததும் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்புவாள். மாதா கோயில் அடுத்த வளவுதான், வேலிக்கு அந்தப் பக்கம். ஆனால் அக்காவின் வழி முதலில் மீன்வாடிக்குப் போகும், மீனுக்குப் போட்ட ஐஸில் ஒரு துண்டு கேட்க. அப்புறம் தையல்கார மெற்றில்டா வீட்டுக்கு, பெருநாளுக்கு யார் யார் என்ன சட்டை தைக்கிறார்கள் என்று பார்க்க. இவர்கள் போய்ச் சேரும்போது பிரசங்கமே முடிந்திருக்கும். பங்குச்சாமியார் பீடத்திலிருந்தபடி முறைப்பார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, ஐஸ் பிடித்த விரல்களை இவள் கன்னத்தில் வைப்பாள்.

ஐயோ, அந்தக் குளிர்! என்ன சந்தோஷமான நாட்கள்.

பிறகு போர் வந்தது. இந்தியாவுக்குத் தப்பி வந்த படகில் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. அக்கா இவளைத் தூக்கி உள்ளே போட்டாள். அடுத்த படகில் வருகிறேன் என்றாள்.

வரவில்லை.

எங்கேயோ சுற்றுவழியில் நின்று கதை பேசிக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருடமும் அப்படித்தான் இவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நேற்று செய்தி வந்தது. இன்று நாலு மணிக்கு அக்காவை அடக்கம் செய்கிறார்கள்.

அகதிக்கு ஏது பாஸ்போர்ட். எந்தக் கப்பலிலும் ஏற முடியாது. கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கவும் வழியில்லை.

"நடந்து போற வழி கேள்."

"அம்மா..."

"கேள் எண்டுறன்."

வழி இல்லை என்றது போன்.

அம்மா செருப்பைக் கழற்றினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

கணுக்கால்.

முழங்கால்.

நிரோஷினி பதறிப்போய்ப் பின்னாலேயே இறங்கினாள். ஒரு கையில் போன். மறு கையால் அம்மாவின் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இந்த இடத்தில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அம்மா அதற்கு மேல் போகவில்லை.

"மேப்புல நம்ம கடலுக்குள்ள நிக்கிறோம்மா."

"மணி என்ன?"

"நாலு."

அம்மா குனிந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு பிடி மண் அள்ளினாள். கிழக்கே பார்த்து, மெதுவாக விரல்களைத் திறந்தாள்.

நிரோஷினி பெரியம்மாவைக் கண்டதில்லை. போனில் கேட்ட குரல்தான் தெரியும்.

மண் அள்ள அவளுக்கும் ஒரு கை வேண்டியிருந்தது. முந்தானையை விட்டுவிடப் பயமாக இருந்தது.

போனைப் பல்லில் கடித்துக்கொண்டு, அவளும் குனிந்தாள்.