வைக்கல் பட்டடை நாய்

"ஒரு நாள் பிந்தீட்டீர் தம்பி. நேற்றுத்தான் தர்ஷன் வந்து கொண்டுபோனவர்" என்றார் பிரேமிளா.

ரஜிதனுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

புதுக்குடியிருப்பில் இருக்கும் பிரேமிளாவின் பழைய வாகனச் சாமான் கடைக்கு அவன் கிளிநொச்சியிலிருந்து வந்திருந்தான். வரும் ஞாயிறு கார் ஓட்டப் போட்டி. நேர் பாதையில் நானூறு மீற்றர், இரண்டிரண்டு காராக விடுவார்கள். இரண்டு வருடமாக இறுதி ஓட்டத்துக்கு வருவது ரஜிதனும் கனகராயன்குளத்துத் தர்ஷனும்தான். இரண்டு வருடமும் பச்சை விளக்கு எரிந்ததும் ரஜிதன் காலை ஊன்ற, முதல் ஓட்டங்களிலேயே சூடேறியிருந்த, தானாகக் கியர் மாற்றும் அவனுடைய ஓட்டோ கியர்பொக்ஸ் புகைந்து, கார் நின்ற இடத்திலேயே நின்றது. தர்ஷன் தன்னந்தனியாக ஓடிப்போய்க் கப்பை வாங்கினான்.

போன வருடம் தர்ஷன் கயிற்றோடு வந்து, காரைக் கட்டி இழுத்துவிடட்டுமா என்றுகூடக் கேட்டான். ரஜிதன் ஒரேயடியாக மறுத்துவிட்டுத் தானே தள்ளிக்கொண்டு போனான். ரோசத்தில் அவனை வெல்ல ஆளில்லை. கப் கிடைக்காவிட்டாலும் இடுப்பில் நாரிப்பிடிப்பு கிடைத்தது.

கியர்பொக்ஸுக்குள் இருக்கும் கிளச் பிளேட்டுகள்தான் கருகுகின்றன என்று மெக்கானிக் பரமேஸ்வரன் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். பெட்டியில் வரும் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம், பாரம் இழுக்கிற ஜீப்பின் பிளேட்டுகள்தான் தடிப்பு, அளவும் சரிவரும், மணந்து பார்த்துக் கருகல் மணம் இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். வன்னி முழுவதும் கண்டவரிடமெல்லாம் கேட்டுத் தேடியதில் அப்படி ஒரே ஒரு செட் பிரேமிளாவிடம்தான் இருந்தது.

"அக்கா, தர்ஷன்ரை கார் கை கியர். அவனுக்கு ஏன் இது?"

"அது எனக்கென்னண்டு தெரியும்? பேரை எழுதிக் குடுத்தனான்."

சாமான் ஆள் மாறிப் போகாமலிருக்க, வாங்கியவரின் பெயரை யூரியாப் பையில் சிவப்புப் பெயின்ரால் எழுதித்தான் பிரேமிளா வெளியே விடுவார். வேறு புது செட் ஒன்றையும் எடுத்துக் காட்டினார். ரஜிதன் விரலால் அமத்திப் பார்த்தான். பால்மாப் பேணியின் தகர மூடி மாதிரி வளைந்தது.

பிறகென்ன, அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தனக்கும் உதவாது, மற்றவனையும் எடுக்க விடாது. வைக்கல் பட்டடை நாய். புதுக்குடியிருப்பிலிருந்து முரசுமோட்டை வரை தேத்தண்ணி குடித்த கடையெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே வந்தான். வயிறு நிறையத் தேத்தண்ணியும் குடித்தான்.

வீட்டுக்கு வந்து மனைவி தேனுகாவிடமும் கொட்டினான்.

"வெண்டால் கிடாய் அடிச்சு விருந்து. ஓடின எல்லாருக்கும் சொல்லுவம். அவனுக்கு மட்டும் சொல்லக் கூடாது."

"முதல்ல வெல்லுங்கோவன்" என்றாள் தேனுகா.

பரமேஸ்வரன் முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, நல்ல பிளேட்டாகவே பூட்டியாயிற்று என்றார். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, "கிடைச்சது" என்பதுதான் பதில். ரஜிதனும் சந்தோசத்தில் மேற்கொண்டு துருவவில்லை.

கழற்றிய பழைய சாமானை, புதுச் சாமான் வந்த பையிலேயே போட்டு ஆளிடம் ஒப்படைப்பது பரமேஸ்வரனின் வழக்கம். மாற்றாமலே மாற்றினேன் என்று சொல்கிற ஆட்கள் இருக்கிற ஊரில் அது அவருடைய மரியாதை. சுருட்டிக் கட்டித் தந்த பையை ரஜிதன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. காரில் பாரம் இருக்கக் கூடாதென்று வீட்டின் பின்பக்கக் கோடியில் எறிந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் ஓட்டங்களில் மற்றவர்கள் எல்லாம் கழிந்துபோக, வழக்கம்போல அவர்கள் இருவரும்தான் மிச்சம். கார்ச் சில்லுக்குக் கீழே கண்ணூறு கழியத் தேசிக்காய் வைத்தாயிற்று. பச்சை விளக்கு எரிந்தது. ரஜிதன் காலை ஊன்றினான்.

புகை வந்தது. இந்த முறை ரயரிலிருந்து.

கார் இழுத்த இழுவையில் அவன் முதுகு சீற்றோடு ஒட்டிக்கொண்டது. முக்கால்வாசித் தூரம் வரை இரண்டு காரும் தோளோடு தோள். கடைசியில் அரைக் கார் நீளத்தில் ரஜிதன் முந்தினான். சனம் விசிலடித்துத் துள்ளியது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, ஹெல்மெட் போட்டிருந்தான்.

தர்ஷன் ஓடிவந்து கட்டிப்பிடித்தான்.

"ரெண்டு வருசமா தனியத்தான் ஓடினனான் அண்ணை. இண்டைக்குத்தான் எனக்கு ஒரு போட்டி கிடைச்சது."

தோற்றவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. நல்லாய் நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டான் ரஜிதன். கப்பை வாங்கியதும் மைக்கையும் வாங்கினான். சில பேர் சாமானை வாங்கிப் பதுக்கினாலும் வெல்லுகிறவன் வெல்லுவான் என்று ஒரு வெட்டு வெட்டினான். கூட்டத்தில் பெரிதாகக் கைதட்டியதும் தர்ஷன்தான்.

அடுத்த நாள் வளவில் கிடாய்க் கறி கொதித்தது. ரஜிதன் கப்பை நடு மேசையில் வைத்துவிட்டுக் கதிரைகளை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தான். அடுப்புக்குச் சிரட்டை அள்ள ஒரு பை தேடிய தேனுகா, கோடியில் கிடந்த யூரியாப் பையை அவிழ்த்து உதறினாள். கருகிய பிளேட்டுகள் கலகலவென்று கொட்டின. பையைத் திருப்பிப் பார்த்தவள் அங்கிருந்தபடியே கேட்டாள்.

"இஞ்சருங்கோ, விருந்துக்குச் சொல்லக் கூடாதெண்ட பேரெல்லோ இதில சிவப்பா எழுதிக் கிடக்கு?"