மேவிஸின் முஷ்டி

"யாரது? மூஞ்சிக்கு நேரா 'குட் மார்னிங் மேவிஸ்'னு சிரிச்சுட்டு, முதுகுக்குப் பின்னாடி புகார் கொடுத்த அந்த மகராசன் யாரு?"

ஆல்டர்கிளஃப் மார்க்கெட்டின் டீக்கடையில் கூடியிருந்த கடைக்காரர்கள் அவரவர் கோப்பையில் இல்லாத சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

சங்கத் தலைவர் கிளிஃப் தொண்டையைச் செருமினார். கறிக்கடைக்காரர்.

"பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க மேவிஸ். நீ ரொம்ப... பக்நேஷியஸ்னு புகார். உன் மீன்கடை இனிமே இங்க இருக்கலாமான்னு இப்ப ஓட்டு."

தள்ளுவண்டியில் ஆரம்பித்து, பேரம் பேசிப் பேசியே பிடித்த இடம். மேவிஸுக்குக் காது மடல் சிவந்தது.

"பக்... என்ன எழவு அது? திட்டுறதுன்னா எனக்குப் புரியிற மாதிரி திட்டுங்க கண்ணு."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? சொன்னதைச் சொன்னேன்" என்றார் கிளிஃப்.

பழைய புத்தகக்கடை ஆம்ப்ரோஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரிட்டயர் ஆகும்வரை பள்ளிக்கூடத்தில் லத்தீன் நடத்தியவர்.

"சதா சண்டைக்கு நிக்கிற குணம்னு அர்த்தம். லத்தீன்ல 'புக்னுஸ்'னா முஷ்டி. அதுலேர்ந்து 'புக்னாரே', சண்டை போடறது. அதுலேர்ந்து வந்ததுதான் இந்த இங்கிலீஷ் 'பக்நேஷியஸ்'. வெறுமனே 'சண்டைக்காரி'ன்னு சொன்னா அந்த மடக்கின கை கண்ணு முன்னாடி வராது. அதனாலதான் யோசிச்சு இந்த வார்த்தையைப்..."

சட்டென்று நிறுத்தினார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓ, மகராசன் நீங்கதானா" என்றாள் மேவிஸ்.

ஆம்ப்ரோஸ் டையைச் சரிசெய்துகொண்டார். "தப்பா எடுத்துக்காத. மார்க்கெட் மேனேஜர் ரூம்ல நீ மேஜையைக் குத்தின சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுது. மார்க்கெட்டுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?"

"குத்தினேன். இல்லைங்கலையே."

"சரி சரி, ஓட்டுக்குப் போவோம்" என்றார் கிளிஃப். "மேவிஸ் காலி பண்ணணும்ங்கிறவங்க கை தூக்குங்க."

ஒரு கை எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. தயங்கித் தயங்கி நாலைந்து.

அப்போதுதான் மேலே தகரக் கூரையில் மழை சடசடவென்று இறங்கியது. எதிரே புத்தகக்கடைக்கு மேலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. தொப்... தொப்... அட்டை போட்ட புத்தகங்களின் மேல்.

பழக்கதோஷம். தூக்கிய கையோடு அத்தனை பேரும் மேவிஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆம்ப்ரோஸ் நாற்காலியை மெல்ல நகர்த்திக்கொண்டு அவள் காதருகே வந்தார்.

"மேவிஸ்... போன மழைக்கு எனக்காக மேனேஜர்கிட்ட போனியே, அதே மாதிரி இப்பவும் ஒரு வார்த்தை... உனக்குத்தான் தெரியுமே, எனக்குப் புகார் சொல்லிப் பழக்கமில்லை."

அந்தக் கிசுகிசுப்பு எல்லார் காதிலும் விழுந்தது. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கிளிஃப் தரையைப் பார்த்தார். போன குளிரில் ஹீட்டருக்காக அவளை மேனேஜரிடம் அனுப்பியது அவர்தான்.

மேவிஸ் கத்தவில்லை. மடங்கியிருந்த கையை விரல் விரலாகப் பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

"என் கை இன்னிக்கு லீவு. இந்தத் தடவை நீங்க போங்க சார். அந்த புக்னுஸை நல்லா மடக்கி, மேஜையில ஓங்கி ஒரு குத்து விட்டு, கூரையைச் சரி பண்ண வச்சுட்டு வாங்க!"