இருநூறு வேர்களில் முதலாவது

இந்தக் காலத்தில் பெற்ற மகளுக்கே அப்பன் சொல் போதவில்லை, காகிதம் கேட்கிறாள். என் மகள் வார்தினி ஏற்கெனவே மூன்று பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள். நான்காவதாவது தங்கட்டும் என்று மஞ்சள் வேர்க் கஷாயத்தை நீட்டினேன்.

எதையும் குடிக்கக் கூடாது என்று மருத்துவச்சி சொன்னாளாம். மஞ்சள் கறை ஏறிப்போன தன் குவளையை மகள் கவிழ்த்து வைத்துவிட்டாள். "ஆய்வுக்கூடத்துல நல்ல வேர்னு எழுதிக் குடுத்தா குடிக்கிறேன்ப்பா."

போன மாதம் யோக்யகர்த்தா நகருக்கு பஸ் ஏறிப்போய் வேரைக் கொடுத்துவிட்டு வந்தேன். முடிவு கேட்க இன்று மறுபடி போனேன்.

ஆய்வுக்கூடத்துப் பெண் ரெத்னோ ஒரு தட்டைக் காட்டினாள். அதில் தொண்ணூற்றாறு குழி. டி.என்.ஏ.வில் ஒட்டிய சாயம் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. என் வேர்ச்சாறு விட்ட மூன்று குழி மட்டும் இருண்டு கிடந்தது.

வேர் தோற்றது என்று நினைத்தேன். அவளோ சிரித்தாள். வெளிச்சம் அணைந்தால்தான் வெற்றியாம். வேரில் உள்ள சரக்கு, சாயத்தைத் தள்ளிவிட்டு டி.என்.ஏ.வை இறுக்கிப் பிடிக்கிறதாம்.

"இருநூறு வேர்ல உங்களுதுதான் முதலாவது, பாக்," என்று பெரியவருக்குரிய மரியாதையோடு சொன்னாள்.

"அதை அப்படியே எழுதிக் குடும்மா. பொண்ணுக்கு இது மூணாம் மாசம்."

பேனாவை எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். அவர்கள் தேடுவது புற்றுநோய்க்கு மருந்தாம். டி.என்.ஏ.வைப் பிடித்துவிட்டால் உயிரணு பெருகாதாம். கட்டியும் வளராது, கருவும் வளராது என்றாள்.

"அவங்களுக்கு ஒரு சொட்டுக்கூடக் குடுத்துறாதீங்க, பாக். பிள்ளை தங்காது."

படித்தவர்களே இப்படித்தான். முதலாவது என்பார்கள், அதே வாயால் விஷம் என்பார்கள். மனுஷ உடம்பில் கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை, இன்னும் தட்டில் பார்த்ததோடு சரி என்றாள்.

மிச்ச வேரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். வாசல் வரை கெஞ்சிக்கொண்டே வந்தாள். படியிறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.

"நான் குடுத்துப் பார்த்தவன்மா. போன மூணு தடவையும் இதைத்தான் காய்ச்சிக் குடுத்தேன். பொண்ணு நல்லாத்தானே இருக்கா."