நாய்க்குட்டிக்கும் சேர்த்து ஒரு வேண்டுதல்

எல்லைக்கல்லைத் தாண்டியதும் தாட்சாயணி இடுப்பிலிருந்த நாய்க்குட்டியை இறக்கிவிட்டாள்.

இது மெட்ராஸ் மண். இங்கே யாருடைய வேண்டுதலும் செல்லாது.

வேண்டுதல் அவள் புருஷன் கோவர்த்தனனுடையது. ஊர் மெட்ராஸோடு சேரும்வரை வீட்டில் கவிச்சி நுழையாது என்று திருப்பதி பெருமாளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். நாலு வருஷமாகிறது. போன மாதம் எல்லை பிரித்துக் கல்லும் நட்டார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் மெட்ராஸுக்குப் போயிற்று. ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது.

ஆக, இந்த ஜென்மத்தில் அவர்கள் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கப் போவதில்லை.

பெரியவர்கள் நாக்கைக் கட்டிக்கொள்ளலாம். பால்குடி மறந்து ஒரு மாதம்கூட ஆகாத குட்டி என்ன பாவம் செய்தது? களியும் மோருமாக ஊற்றியதில் வயிறுதான் உப்பியது; விலா எலும்பை எண்ணிவிடலாம். அவள் எடுத்துச் சொல்லியும் கோவர்த்தனன் மசியவில்லை.

“என் வூட்டுச் சோறு துன்ற உசுரு எதுவா இருந்தாலும் வேண்டுதல் வேண்டுதல்தான்” என்றான்.

அதனால்தான் இந்தத் திருட்டுத்தனம். பக்கத்து வீட்டுச் செங்கம்மாவின் அடுப்பில் கருவாடு சுட்டு, இலையில் மடித்து, முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்திருந்தாள். பெருமாள் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று வழியிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எல்லாம் இந்த வாயில்லா ஜீவனுக்காகத்தான் என்று அவரிடமும் சொல்லிவைத்தாள்.

புது இடம் என்று குட்டி மிரளவில்லை. நேராகப் பனைமரத்தடிக்கு ஓடியது. வழக்கமாக உட்காரும் இடம்போல அங்கே உட்கார்ந்து, ஊர்ப் பாதையைப் பார்த்து வாலை ஆட்டியது.

பாதையில் கோவர்த்தனன் வந்துகொண்டிருந்தான். குட்டியைத் தேடிச் சீழ்க்கை அடித்தபடி. கையில் இலைப் பொட்டலம்.

அவளைக் கண்டதும் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான். பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். கருவாட்டு வாசனையை எங்கே கொண்டுபோவது?

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. இந்த நாலு வருஷத்தில் அவன்மேல் இவ்வளவு ஆசை வந்ததில்லை.

“அங்கியே நின்னுக்கினு பிரிக்காதய்யா. அது ஆந்திரா. இப்பால வந்து குந்து.”

அவன் கல்லைத் தாண்டி வந்து உட்கார்ந்தான். குட்டிக்காகத்தான் என்று முனகினான். அவளும் அதையே சொன்னாள்.

இரண்டு பொட்டலங்களையும் பிரித்தார்கள். இரண்டிலும் கருவாட்டோடு ஒரு கை பழைய சோறு. ஓரமாக, உரித்த வெங்காயம்.

நாய்க்குட்டிக்கு எதற்கு வெங்காயம் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.