ஒரு விரல் இடைவெளி

"இடுப்பு கழண்டு போச்சுக்கா. நாளைக்கு எந்திரிப்பேனான்னு தெரியல."

இமாஸ் வாசலிலேயே உட்கார்ந்து முக்காட்டை அவிழ்த்தாள். நாள் முழுக்கச் செடிப்பண்ணையில் குத்துக்காலிட்டுத் தொட்டிகளில் மண் நிரப்பியவள். நகக்கண்ணில் மண் காய்ந்திருந்தது.

பக்கத்து வீட்டு நினிங் உள்ளேயிருந்து இஞ்சி மணக்கும் பாண்ட்ரெக் பானத்தோடு வந்தாள். இமாஸ் வீட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கும். லெம்பாங் மலையில் அதே செடிப்பண்ணையில் பதினோரு வருஷம் உழைத்தவள், வேலை போய் ஒரு மாதமாக வீட்டில் இருக்கிறாள்.

"சூடா குடி. இடுப்பு பழைய எடத்துல ஒட்டிக்கும்."

"அது எப்படிக்கா இருக்கு?"

"புருஷன விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிற. தண்ணி மாத்திட்டேன்."

அடுப்படி மூலையில், நிழலில், ஒரு கண்ணாடி டம்ளர். அதன் வாயில் ஓட்டை போட்ட அட்டை. ஓட்டையில் ரோஜாப்பூ போலத் தடித்த இலைகள் அடுக்கிய ஒரு சக்குலன்ட் செடியின் வெட்டிய தலை. வெட்டிய இடம் தண்ணீரில் பட்டால் அழுகிவிடும். அதனால் ஒரு விரல் இடைவெளி. செடியே தாகத்தில் வேரை இறக்க வேண்டும். இமாஸ் தினமும் குனிந்து அந்த இடைவெளியைத்தான் பார்ப்பாள்.

"சந்தையில சும்மா கெடச்ச பச்சைச் செடி. அதுக்கு இத்தனை சீராட்டு" என்றாள் நினிங். "வெயில்ல வச்சாலாவது நெறம் ஏறும்."

"வேணாங்க்கா. வேர் வரட்டும், இப்ப வச்சா வாடிரும்."

மலையிலிருந்து இறங்கிய மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்தது. இமாஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணு நாலாகும், நாலு நாப்பதாகும். பின்னால நம்ம பண்ணை. நெனச்சப்ப உக்காரலாம், நெனச்சப்ப எந்திரிக்கலாம். பாதி உனக்குக்கா."

"தண்ணி மாத்துனதுக்குப் பாதியா? பால் ஊத்தியிருந்தா முழுசும் குடுப்ப போல."

இருவரும் சிரித்தார்கள். பனிக்குள் வரிசை வரிசையாகத் தொட்டிகள் நிற்பது போலவே இருந்தது.

"எந்திரி. ஒண்ணு காட்டணும்."

நினிங் டம்ளரை ஜன்னலுக்குக் கொண்டுவந்தாள். தலைமுடி போல ஒரு வெள்ளை வேர் இறங்கி, தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இமாஸ் இடுப்பை மறந்து மண்டியிட்டாள்.

"தொட்டுடுச்சுக்கா."

"கீழயே பாக்காத. மேல பாரு."

ஒவ்வொரு இலை விளிம்பிலும் கருஞ்சிவப்பு. அதற்குள் வெள்ளி இழை போல ஒரு கோடு.

"நீ சந்தோஷப்படுவன்னு, நீ வேலைக்குப் போனதும் தெனமும் வெயில்ல வச்சு எடுத்தேன்" என்றாள் நினிங் மெதுவாக. "இந்த வெள்ளிக் கோடு மலைப் பண்ணையில ஒரே ஒரு தாய்ச்செடிக்குத்தான். பதினோரு வருஷம் என் மேசையில இருந்த செடி."

இமாஸ் மண்டியிட்டபடியே இருந்தாள்.

"முக்காட்டுக்குள்ளயா கொண்டு வந்த? வாசல்ல பையத்தான சோதிப்பாங்க."

நினிங் டம்ளரை ஜன்னல் திட்டில், வெளிச்சத்திலேயே வைத்தாள்.

"பாதியெல்லாம் வேணாம். நாளைக்குப் பண்ணையில போய், இந்தத் தலையத் திருடினது நினிங் இல்லைன்னு சொல்லு. அவ்வளவுதான் நீ எனக்குத் தர வேண்டிய பாக்கி."